சாமிக்கு இரண்டாவது மதிப்பெண் கிடா

மகளுக்குக் காய்ச்சல் இறங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கருப்பசாமிக்கு நான் நேர்ந்துகொண்டது இவ்வளவுதான்: எங்கள் மந்தையில் இருப்பதிலேயே நல்ல கிடாவைத் தருகிறேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. எது நல்ல கிடா என்பதில்தான் சிக்கல்.

எங்கள் ஊர் தேவதானத்தில், செம்மறி மந்தையில் அந்த வருஷம் இரண்டு இளம் கிடாக்கள் தேறி நின்றன. ஒன்று சுருட்டைக் கொம்பும் அகன்ற நெஞ்சுமாக, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியதுபோல் எப்போதும் நிற்கும். மற்றது இரட்டையில் பிறந்தது. டியூஷனுக்குப் போய்ப் போய் இளைத்த பிள்ளை மாதிரி இருக்கும். ஒன்றை மந்தை பெருக்கப் பொலிகிடாவாக வைத்துக்கொண்டு மற்றதைக் கோயிலுக்குக் கொடுப்பதாகப் பேச்சு.

குட்டிகளைப் பிறந்ததிலிருந்து எடை போட்டு, அந்தக் கணக்கை ஆட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் நான்தான். அவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. தாயின் பால், தகப்பனின் மற்றக் குட்டிகள், கூடப்பிறந்தவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இந்தக் கிடாவுக்குப் பிறக்கப்போகும் குட்டிகள் எப்படி இருக்கும் என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். அது என் போனுக்கு வந்தது. டியூஷன் பிள்ளைதான் முதல். மாப்பிள்ளை இரண்டாவது, அதுவும் வெகு கீழே.

பொலிகிடா கிடைத்துவிட்டது என்று கணவருக்குச் சந்தோஷம். எனக்கு நேர்ச்சை ஞாபகம் வந்தது. மதிப்பெண்ணை நம்பினால், இருப்பதிலேயே நல்லது இளைத்ததுதான். அதை ஒதுக்கிக்கொண்டு மாப்பிள்ளையைக் கொடுத்தால் சாமியை ஏமாற்றியதாகாதா? நம்பாவிட்டால் எதற்கு இத்தனை நாள் எடை போட்டேன்? மகள் ஒரு தும்மல் போட்டாலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

கடைசியில் கணவரிடமே கேட்டுவிட்டேன்.

“ஏட்டி, சாமி என்ன குட்டி எடுக்கவா கிடா கேக்காரு?” என்றார் அவர். “அவருக்குக் கிடாவோட உடம்புதான். குட்டி எப்படி இருக்கும்ங்கிற கவல நமக்குத்தான்.”

சரி, மாப்பிள்ளையையே கொடுப்போம் என்றேன். ஆனால் இந்த விளக்கம் கருப்பசாமிக்கும் தெரிந்திருக்க வேண்டுமே.

கோயிலில் பூசாரி மாப்பிள்ளையின் முதுகில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். கிடா உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அது போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது. இன்னொரு செம்பு ஊற்றினார். அசையவில்லை. கணவர் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் கணக்கைச் சாமிக்கு முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். தாயின் பால் வரைக்கும் வந்திருப்பேன், இடுப்பிலிருந்த மகள் எட்டிக் கிடாவின் காதுக்குள் விரலை விட்டாள். கொம்பிலிருந்து வால்வரை அது உதறிய உதறலில் எங்கள் எல்லார் மேலும் மஞ்சள் தண்ணீர்.

உத்தரவு கிடைத்துவிட்டது என்றார் பூசாரி. காது கூசியதால் சிலிர்த்ததும் கணக்கில் சேருமா என்று மெல்லக் கேட்டேன்.

“யாருக்காக நேர்ந்தீக?”

மகளைக் காட்டினேன்.

“அந்தப் பிள்ளையே வந்து உத்தரவ வாங்கிக் குடுத்துட்டுது. பொறவு என்ன தாயி?”

தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஒருமுறை மட்டும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. கையில் மஞ்சள்தான் ஒட்டியது.