புல்கூட்டில் வைத்த மைப்பொட்டு

பேய், ஆவி, மாயம் என்று யாராவது பேச்செடுத்தால், மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். சாமி கும்பிடுவேன். வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுக்கிறவன். ஆனால் சாமி வேறு, இந்த மாதிரிக் கதைகள் வேறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் இதை நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. என் மனைவி ரேவதிக்கு எட்டாம் மாதமே வலி கண்டு, பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்ட சமயம். குழந்தையைத் துணியில் சுற்றி என்னைத் தாண்டி ஓடினார்கள், முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெட்டி மேலே ஒரு துணியும் போட்டு மூடிவிட்டார்கள். மூச்சு விட்டு விட்டு வருகிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மறுநாள், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மத்தியானம் ரேவதி என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, பையில மை டப்பி இருக்குதுங்க. புள்ளைக்கு ஒரு பொட்டு வெச்சுட்டு வாங்க."

வசம்பைச் சுட்டுக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மை. ஏழாம் மாதத்திலேயே அவள் கையால் செய்து வைத்தது. டப்பியைத் திறந்தால் அறை முழுக்க வசம்பு வாசம் அடிக்கும்.

"உள்ள உடமாட்டாங்க ரேவதி."

"கேட்டுப் பாத்தீங்களா? கேக்காமயே சொல்லாதீங்க. எத்தன பேரு கண்ணு பட்டுச்சோ, அதுதான் அவசரப்பட்டு வெளிய வந்துருச்சு. பொட்டு வெக்காம என்ற மூஞ்சில முழிக்காதீங்க."

போனேன். குழந்தைகள் அறை வாசலில் ஒரு மலையாளத்து நர்ஸ் உட்கார்ந்திருப்பார், அவரைத் தாண்டாமல் ஈ கூட உள்ளே போக முடியாது. டப்பியைக் காட்டினேன்.

"மையோ? ஐயோ சேட்டா, உள்ளே ஒரு துளி எண்ணெய்கூட கொண்டு போகக்கூடாது."

"ஒரே ஒரு பொட்டுங்க சிஸ்டர். கிட்டக்கூடப் போகமாட்டனுங்க, எட்டத்துல இருந்தே வெச்சுட்டு ஓடியாந்தர்றேன்."

"எட்டத்துல இருந்து எப்படி வெப்பீங்க? கம்பு வெச்சா?" என்று சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "போயி கோவில்ல பிரார்த்திக்கணும் சேட்டா. அதுதான் இப்போ நம்மளால முடியும்."

"பெறப்புத் தீட்டுங்க. கோயிலுக்குள்ள கால் வெக்கக்கூடாது."

"எங்க பள்ளியில தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரோட்டைத் தாண்டினா பள்ளி. போங்க."

மாதா கோயிலை அங்கே பள்ளி என்பார்கள். பிஷப் பூசை வைக்கிற பெரிய கோயில் அது, ரொம்பப் பழையது, சுவரெல்லாம் ஒரு முழத்துக்கு மேல் கனம். வெளியே மரத்துக்கு மரம் காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். மார்கழிக் காற்று கணவாய் வழியாக வந்து அத்தனை நட்சத்திரத்தையும் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால் கரண்ட் இல்லை. அலங்காரம் செய்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள் போல, ஆள் நடமாட்டமே இல்லை.

ஒரு ஓரத்தில் குடில் போட்டிருந்தார்கள். புல்கூடு என்பார்கள் அங்கே. வைக்கோல் நல்ல வைக்கோல், அதைச் சொல்ல வேண்டும். மாட்டுப் பொம்மைக்குத்தான் கொம்பு வைத்தவன் மாட்டையே பார்த்ததில்லை என்று தோன்றியது. மாதா, சூசையப்பர், இடையர்கள் எல்லாரும் வெள்ளை வெளேர் என்று கொழுகொழுவென்று இருந்தார்கள். நடுவில் தீவனத் தொட்டியில் குழந்தை. அது மட்டும் சிவந்து, சுருங்கி, நெஞ்சுக்கூடு தெரிய, கண்ணை மூடிக் கிடந்தது. ஏழைக் குழந்தை என்பதால் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மாதாவிடம் எப்படி வேண்டுவது என்று தெரியாது. அம்மா, உன் பிள்ளைக்கு நான் பொட்டு வைக்கிறேன், என் பிள்ளையை நீ பார்த்துக்கொள் என்று சொன்னேன். தீட்டோடு சாமியைத் தொடுகிறோமே என்று கை கூசியது. ஆனாலும் டப்பியில் கட்டை விரலைத் தோய்த்து இடது கன்னத்தில் வைத்துவிட்டு, காற்று உள்ளே அடித்ததால் வைக்கோலை இழுத்து மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

"வெச்சீங்களா?" என்றாள் ரேவதி.

"வெச்சாச்சு."

"எந்தக் கன்னத்துல?"

"எடது."

அப்பாடா என்று கண்ணை மூடினாள். எங்கே வைத்தேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தையைக் காட்டக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்க மாமா, பொட்டு வெக்கச் சொன்னா அரைக் கன்னத்துக்கு அப்பி வெச்சிருக்கீங்க! அது கன்னமே அவ்வளவுதான்!"

நான் எழுந்து குழந்தைகள் அறைப் பக்கம் நடந்தேன். அதற்குள் அதே நர்ஸ் வேகமாக வந்து, பச்சை அங்கியை என் மேல் மாட்டிவிட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பெட்டி மேலிருந்த துணியை விலக்கினார். என் மகளை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். இடது கன்னத்தில் கறுப்பாக மை. நடுவில் குறுக்கே மை ஒட்டாத ஒரு கோடு.

என் வலது கட்டை விரலில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, தேங்காய் உரிக்கும்போது பட்டது. எங்கே வைத்தாலும் அந்தக் கோடு விழும்.

நர்ஸ் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "வயம்பு, உங்க வசம்பு மணம். இது உங்க விரல்தான். எப்போ உள்ளே வந்தீங்க?"

"நான் உள்ள வர்லீங்க சிஸ்டர். கதவுகிட்ட நீங்கதான உக்காந்திருந்தீங்க?"

அவர் பெட்டியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தக் கம்பு வெச்சு வெச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டார். துடைத்த பிறகும் அந்த இடத்தில் வாசம் இருந்தது.

குழந்தை தேறிவிட்டாள். மருந்தும் டாக்டரும்தான் காரணம், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மையையும் எப்படியாவது விளக்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். யாரோ அசந்த நேரத்தில் நானே மயக்கத்தில் உள்ளே போய் வைத்தேனோ என்றுகூட யோசித்தேன், முந்தின நாளிலிருந்து நான் சாப்பிடவில்லை. அப்படியே விட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் அதே நாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். குடில் அதே மாதிரி. தொட்டி மட்டும் காலி. மணி அடித்து விளக்கேற்றுகிற கப்பியார் அங்கே நின்றிருந்தார்.

"ஏனுங்க, கொழந்தையக் காணமுங்க?"

"குழந்தை உண்ணியேசுவை ராத்திரி பூசைக்குத்தான் கிடத்துவோம். அதுவரைக்கும் அலமாரியில பூட்டி வெக்கிறதுதான் வழக்கம்."

"போன வருசம் மத்தியானமே இருந்துச்சுங்களே."

"இல்ல, இல்ல. சாவி என் இடுப்புலதான் இருக்கு. எங்க உண்ணி நேரத்துக்கு முன்னால பிறக்க மாட்டார்" என்று சிரித்தார்.

நான் விடாமல் கேட்கவும், வேண்டா வெறுப்பாக அலமாரியைத் திறந்து காட்டினார். கையை விரித்துச் சிரித்தபடி, நீலக் கண்ணோடு, கொழுகொழுவென்று ஒரு பொம்மை. எத்தனையோ வருஷமாக இதே பொம்மைதான் என்றார். கன்னம் சுத்தமாக இருந்தது. நான் பார்த்தது அது இல்லை. நான் பார்த்ததைப் போன்ற முகத்தை ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன், கண்ணாடிப் பெட்டிக்குள்.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் கப்பியாரிடம் சொல்லவில்லை. ரேவதியிடமும் இதுவரை சொன்னதில்லை. மண் பொம்மை தொட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என் விரல் அந்தக் கன்னத்தில் அழுந்தியது. அழுந்தியதும், பசித்த பிள்ளை பால் தேடுமே, அது மாதிரி வாயைத் திறந்துகொண்டு அந்த முகம் என் விரல் பக்கம் திரும்பியது. கலர் பல்பு மினுக்கியதில் அப்படித் தோன்றியது என்று சொல்லலாம் என்றால், கரண்டே இல்லை.

வைக்கோலை இழுத்து மூடினேன் என்று சொன்னேன் அல்லவா, அதற்கப்புறம்தான் மூடினேன். மூடிவிட்டு வந்தது யாரை என்றுதான் இன்னும் தெரியவில்லை.