மோட்டார் ஓடும் நேரம்

தஞ்சாவூருக்கு வெளியே வயல்களை ஒட்டிய ஆய்வகத்தில் குவாண்டம் கணினி உருவாக்கும் மூத்த பொறியாளர் நான். தினமும் காலை ஒன்பதுக்கு எங்கள் அளவீடுகள் குழம்பின.

"வயல்ல மோட்டார் ஓடுற நேரம்தான் சார் கெடுது," என்றார் செல்வி. வயரிங் செய்தவர், என் பக்கத்து ஊர்க்காரர்.

"இது பம்புசெட் இல்லம்மா," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். அவர் வயரிங்தான் பழுது என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வேலை போயிற்று.

அடுத்த மாதம் என் ஊரில், வயலுக்கு விடும் மும்முனை மின்சாரம் வந்ததும் அப்பா மோட்டாரைப் போட்டார். மணி ஒன்பது. ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய், வயல் மோட்டார்களின் எர்த்தோடு சேர்ந்திருந்த எங்கள் எர்த்தைத் தனியாகப் பிரித்தேன். குழப்பம் நின்றது.

செல்வியிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன்.

"விவசாயி வீட்டுப் பிள்ளை, உங்களுக்குப் புரியும்னுதான் சார் சொன்னேன்," என்றார்.

அது ஆய்வகத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அன்று அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன்.