எதிர்ப்பக்கம் வளைந்த வில்

1964 அக்டோபர் 14, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்துவிட்டு வானம் வெளுத்திருந்தது. காளிகாட்டில் எங்கள் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். சரஸ்வதி பூஜை. எனக்கு ஒன்பது வயது.

ஆயுத பூஜைக்கு வைக்க எங்கள் வீட்டில் இருந்த ஆயுதங்கள்: அப்பாவின் பேனா இரண்டு, அம்மாவின் அரிவாள்மணை ஒன்று, என் காம்பஸ் பெட்டி. துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து எங்களோடு தங்கியிருந்த மாமாவுக்கு இது போதவில்லை. கொலுவிலிருந்த ராமருக்கும் கையில் வில் இல்லை. ரயிலில் வரும்போதே உடைந்துவிட்டது.

"மாடியில நிஜ வில்லே இருக்கு. போய்க் கேட்டு வாங்கிண்டு வாடா."

மாடியில் வீட்டுக்காரர். அவரை நான் ஜெட்டு என்பேன், வங்காளியில் பெரியப்பா என்று அர்த்தம். வில் அவருடைய தாத்தாவுடையது. வருஷத்தில் ஒரு நாள், விஜயதசமியன்று, அதை நாணேற்றித் தெருவுக்குக் காட்டுவார். மறுநாள் விஜயதசமி. இந்த வருஷம் அந்த நாணை நானும் ஒரு தடவை இழுக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். இருபத்திரண்டு படி ஏறிக் கேட்டேன். துணியில் சுற்றித் தந்தார். பூஜையில் வைக்கலாம், நாண் ஏற்றக் கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

துணியை அவிழ்த்ததும் எனக்குக் குழப்பம். ரத யாத்திரைச் சந்தையில் ஒன்றேகால் ரூபாய்க்கு வாங்கிய என் வில் ஒரே மூங்கில் பட்டை. நாணைக் கழற்றினால் ஏறக்குறைய நேராகிவிடும். இதுவோ நாணில்லாமலேயே பிறை போல வளைந்திருந்தது. புடைத்த பக்கத்தில் எருமைக்கொம்பு, கறுப்பாக, வழவழவென்று. குழிந்த பக்கத்தில் பசையால் ஒட்டிய தசைநார், அதன்மேல் பூவேலை. நடுவில் மரம்.

"பாதி வேலையை அதுவே பண்ணி வெச்சிருக்கே" என்றார் மாமா. "முனைக்கு முனை கயிறு கட்டினா முடிஞ்சுது."

"ஜெட்டு கட்டக் கூடாதுன்னார், மாமா."

"நாண் இல்லாத வில்லை வெச்சா செட்டியார் பொம்மைகூடச் சிரிக்கும். கயிறைப் பிடி."

பிடித்தேன். மாமா முழங்காலை வைத்து இன்னும் கொஞ்சம் வளைத்தார். ஒரே சத்தம். கொம்பு குறுக்கே பிளந்தது.

ஜாதவ்பூரில் பொறியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. கொம்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். தசைநார் இழுவையைத் தாங்கும். ஆகவே அந்த வில்லை அது வளைந்திருக்கும் பக்கத்துக்கு நேர் எதிராகத் திருப்பி வளைத்துத்தான் நாணேற்ற வேண்டும். நாங்கள் இரண்டையும் மாற்றி வருத்தினோம்.

சத்தம் கேட்டு ஜெட்டுவே இறங்கி வந்தார். மாமாவைப் பார்த்தார். கயிறு இன்னும் என் கையில் இருந்தது, என்னையும் பார்த்தார். அப்பா இரண்டு கையையும் கூப்பி, "என்ன விலைன்னு சொல்லுங்கோ, தாதா. மாசாமாசம் கொடுத்துடறேன்" என்று பாதி இந்தியில், பாதி வங்காளியில் சொன்னார். தாதா என்றால் அங்கே அண்ணா.

"ஒரு ரூபாய்."

"விளையாடாதீங்கோ, தாதா."

"என் பொருள், என் விலை. ஒரு ரூபாய்."

நான் கணக்குப் போட்டேன். என் மூங்கில் வில்லைவிட இருபத்தைந்து காசு குறைவு. அப்படியானால் அப்பா ஏன் கூப்பிய கையை இறக்கவில்லை? ஓடிப்போய் என் வில்லை எடுத்து வந்து, நாளைக்கு இதைக் காட்டலாமே, இது விலை கூடினது என்று ஜெட்டுவிடம் நீட்டினேன். அவர் மூங்கிலைத் தடவிப் பார்த்தார். "நல்ல வில்" என்று திருப்பிக் கொடுத்தார். அப்பா நீட்டிய ரூபாயை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிளந்த வில்லைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல அணைத்து மாடியேறினார்.

பதினோராவது படியில் நின்றுவிட்டார். நான் எண்ணினேன், நாற்பதுவரை எண்ணியும் அவர் நகரவில்லை. வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன்.

கயிறு வீட்டிலேயே இருந்ததால் அதற்குச் செலவில்லை. மொத்தச் செலவு, ஒரு ரூபாய்.