இடப்பக்கம் திருப்பினால் அடித்த ஹாரன்

போன வாரம் கிள்ளான் பண்டமாரானில் என் வீட்டு முன்னால் ஒரு பழைய கப்சாய் வந்து நின்றது. கப்சாய் என்றால் கிளட்சு இல்லாத சின்ன மோட்டார். எங்கள் காலத்தில் பேப்பர் போடுகிறவர், ரொட்டி விற்கிறவர் எல்லாருக்கும் அதுதான் வண்டி. இப்போது பேங்கில் வேலை செய்கிறவர்கள் ஆசைக்கு வாங்கி, புதுப் பெயிண்ட் அடித்து வைத்துக்கொள்கிறார்கள். வந்தவரும் அப்படித்தான்.

"அங்கிள், வண்டிக்கு பேய் புடிச்சிருக்கு லா. லெஃப்ட்ல திருப்பினா தானா ஹாரன் அடிக்குது."

சொன்னதோடு விடவில்லை. திருப்பியும் காட்டினார். அடித்தது.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "என்ன அங்கிள், டென்ஷனா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். வெட்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பேரன் எடுத்த ஆள் நான்.

ஹெட்லைட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்து அந்த வாசனை வந்தது. வெயிலில் வெந்து வெந்து மொறுமொறுத்துப்போன பழைய ஒயர் வாசனை. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்த கடை முழுக்க அந்த வாசனைதான். ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே, ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மோட்டார் பட்டறை. இஞ்சின் வேலையை அவர் பார்ப்பார். ஒயர் வேலை என்னுடையது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். எழுத்தைவிட ஒயரின் நிறம் எனக்குச் சுலபமாக இருந்தது. எழுத்து ஏமாற்றும், நிறம் ஏமாற்றாது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீட்டரெல்லாம் எங்களிடம் இல்லை. ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர். கரண்டு இருக்கிற இடத்தில் வைத்தால் எரியும், இல்லாத இடத்தில் எரியாது. அதை வைத்தே எல்லாக் கோளாறையும் பிடித்துவிடலாம். வண்டி வந்ததும் தவுக்கே தன் ஓட்டைத் தமிழில் ஒரே கேள்விதான் கேட்பார். "லாஸ்ட்டா யார் கை வெச்சான்?" வந்தவர்கள் முழிப்பார்கள். மச்சான் லைட் மாட்டினான், தம்பி சீட்டைக் கழற்றினான் என்று மெதுவாக வெளியே வரும். முக்கால்வாசி அங்கேதான் இருக்கும் கோளாறு.

ஹாரன் சமாச்சாரத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் என் மானம் போன கதை புரியாது. சாவியைத் திறந்ததுமே கரண்டு ஹாரன் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கும். ஹாரனிலிருந்து ஒரு பச்சை ஒயர் கைப்பிடியில் இருக்கிற பொத்தானுக்குப் போகும். பொத்தானை அமுக்கினால் அந்தப் பச்சை ஒயருக்கும் வண்டியின் இரும்புக்கும் தொடர்பு வந்துவிடும். உடனே சத்தம். அவ்வளவுதான். பொத்தானில் யாரும் கை வைக்காமலே அந்த ஒயர் எங்காவது இரும்பில் பட்டாலும் அடிக்கும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நடந்தது.

எனக்குப் பெண் பார்க்கப் போன நாள் அது. பெண் வீடு இதே பண்டமாரானில். பெண்ணின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் தேடியது அரசாங்க வேலை மாப்பிள்ளை. என்னிடம் அது இல்லை, படிப்பும் இல்லை. என் மாமாதான் பேசிப் பேசி அவரை இறக்கி வைத்திருந்தார். "மோட்டார் ஒயரிங்குனா பிரிக்ஃபீல்ட்ஸ்ல இவன விட்டா ஆளே கிடையாது" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்களை வரச் சொன்னார்கள்.

அம்மா டாக்சியில் முன்னால் போய்விட்டார். நான் என் கப்சாயில் போனேன். பின்னால் மாமா. அவர் மடியில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத் தட்டு. ஹைவே பூராவும் நேர் ரோடு. ஒரு குறையும் இல்லை. லைன் வீட்டுச் சந்துக்குள் நுழைய ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினேன்.

அடித்தது பாருங்கள். நிற்கவே இல்லை.

"கைய எடுடா ஹாரன்லேர்ந்து!" மாமா கத்தினார்.

"கை வெக்கல மாமா."

"அப்ப யாரு அடிக்கிறா? தட்டுல இருக்கிற வாழப்பழமா?"

ஹேண்டிலை நேராக்கினால் நின்றது. நேரே போனால் சாக்கடையில்தான் இறங்க வேண்டும். மறுபடி திருப்பினேன். மறுபடி அடித்தது. இப்படி விட்டு விட்டு அடித்துக்கொண்டே பெண் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். லைனில் இருந்த சனம் முழுக்க வெளியே வந்துவிட்டது. பெண்ணின் அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லது. மாப்ள வந்தாச்சுன்னு கிள்ளான் பூரா தெரிஞ்சிருச்சு" என்றார்.

நான் சாவியை மூடினேன். உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை. ஒயர்காரன் என்று பெயர் சொல்லி வந்திருக்கிறேன். இதைச் சரிசெய்யாமல் எந்த முகத்தோடு உள்ளே போவது? "அஞ்சு நிமிஷம் மாமா" என்றேன், எல்லாருக்கும் பொதுவாக.

"பாருங்க, பாருங்க. உங்க தொழிலுதானே" என்றார் பெண்ணின் அப்பா. நாற்காலியைத் தூக்கிவந்து வாசலிலேயே போட்டுக்கொண்டார்.

முதலில் பொத்தானைத் திறந்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டு போய் லோங்காங்கில், அதுதான் அந்தச் சாக்கடையில், விழுந்தது. சனம் சிரித்தது. பொத்தானிலிருந்து பச்சை ஒயரையே கழற்றிவிட்டுச் சாவியைத் திறந்து திருப்பினேன். அடித்தது. அப்படியென்றால் பொத்தான் மேல் தப்பில்லை, வழியில் எங்கேயோ ஒயர் இரும்பில் படுகிறது. ஹெட்லைட்டைக் கழற்றினேன். பல்பை வைத்து வைத்துப் பார்த்தேன். ஹேண்டில் கழுத்தில் ஒயர் மடங்குகிற இடத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் கிரீஸ். மாமா தட்டோடு வெயிலில் நின்றார்.

ஹெட்லைட்டுக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி என்று அம்மா காலையில் கட்டியது. சாமிக்கு வைத்து எடுத்துக் கட்டிய பழம். அதை அவிழ்ப்பதோ இழுப்பதோ எங்கள் வழக்கத்தில் இல்லை. குனிந்து பார்க்கும்போதெல்லாம் அது மூக்கில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு விரலால் பக்குவமாக ஒதுக்கிவிட்டு அதற்குப் பின்னால் தேடினேன்.

அப்போது ஜன்னல் கண்ணாடி இடுக்கிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"இன்னிக்கு அந்த வண்டில கடைசியா யாரு கை வெச்சா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. தவுக்கேயின் கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நீ உள்ள போம்மா" என்றார் அவள் அப்பா.

"போறேன்ப்பா. அந்த எலுமிச்சம்பழத்த அவுத்துட்டு திருப்பிப் பாக்கச் சொல்லுங்க."

மாமாவுக்குக் கோபம். "அது சாமிக்கு வெச்சுக் கட்டினது. அவுக்கக் கூடாது!"

"சாமி ஹாரன் அடிக்கச் சொல்லலையே" என்றது குரல்.

சனம் மறுபடி சிரித்தது. நான் பழத்துக்கு மேலே பார்த்தேன். நூல் அறுந்துவிடும் என்று அம்மா மெல்லிசுக் கம்பியால் கட்டியிருந்தார். என் டூல் பெட்டியில் இருந்த கம்பி. வண்டி இரும்பையும் பச்சை ஒயரையும் சேர்த்தே வளைத்துக் கட்டியிருந்தார். இடப்பக்கம் திருப்பும்போது கம்பி இறுகி, பழைய ஒயரின் தோலை அறுத்திருந்தது. என் பெட்டி, என் கம்பி, என் வண்டி, என் தொழில்.

அம்மா இதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "நான்தான் சரியா கட்டல" என்றேன்.

"இவன் கட்டல. நான்தான் கட்டினேன்" என்றார் அம்மா. குனிந்து தன் கையாலேயே அவிழ்த்தார். பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். தலை நிமிரவில்லை. அன்றைக்கு எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

அதற்குப் பிறகு காப்பி வந்தது. கொண்டுவந்தது அவள்தான். நான் தலையைத் தூக்கவில்லை. காப்பி கொடுத்த விரல்களை மட்டும் பார்த்தேன். நுனியில் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். சுங்கைவேயில் ரேடியோ தொழிற்சாலையில் ஒயர் பற்றவைக்கிற வேலை என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். இதை மாமா முன்பே சொல்லியிருக்கலாம்.

திரும்பும்போது பொத்தானுக்கு ஸ்பிரிங் இல்லை. ஹாரனே இல்லாமல் வந்தோம். குறுக்கே வந்தவர்களை மாமாதான் வாயால் விரட்டினார். நடுவில், "பொண்ணு புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"மொகத்தப் பாக்கல மாமா."

அடுத்துக் குறுக்கே வந்தவரை அவர் இன்னும் சத்தமாக விரட்டினார்.

இனி எங்கே நடக்கப்போகிறது என்று நாங்கள் விட்டுவிட்ட பிறகு, பெண் சம்மதம் என்று ஆள் வந்து சொன்னார். கல்யாணமான பிறகு ஒரு நாள் கேட்டேன், ஏன் சரி என்று சொன்னாய் என்று.

"பாவமா இருந்துச்சு" என்றாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் லா."

அந்தக் கதையை அவள் விடவே இல்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொல்வாள். எங்கள் மகள் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொன்னாள், ஹாரன் சத்தத்தோடு. நான் எழுந்து வெளியே போய்விடுவேன். மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தால், இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகில் ஒரு விரலால் தட்டுவாள். "பாம்" என்பாள். "வாய மூடு" என்பேன். அடுத்த சந்திலும் தட்டுவாள்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். அம்மாவும் மாமாவும் எப்போதோ போனவர்கள். தவுக்கே கடை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டு இப்போது கப்பலில் ஏற்றுகிற கொண்டேனா பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வண்டியில் கட்டுகிற எலுமிச்சம்பழம்கூடக் கடையில் பிளாஸ்டிக்கில் வருகிறது. அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. இனி வெட்கப்படவேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் போன வாரம் அந்தச் சத்தம் கேட்டதும் வெட்கம் வந்துவிட்டது.

"லாஸ்ட்டா யாரு கை வெச்சா?" என்று பேங்க்காரரிடம் கேட்டேன்.

"நான்தான் அங்கிள். ஃபோன் ஹோல்டர் மாட்டினேன்."

அதன் ஸ்குரூ ஒயரை நசுக்கியிருந்தது. எடுத்து, டேப் சுற்றி, வேறு இடத்தில் மாட்டிக் கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க எடுத்துப்போனேன். கொண்டேனா பெட்டிகள் இருக்கிற முனையில் ஹேண்டிலை இடப்பக்கம் நன்றாக ஒடித்துத் திருப்பினேன். ஹாரன் அடிக்கவில்லை. முதுகு கொஞ்சம் காத்திருந்தது. பிறகு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"சத்தம் போயிருச்சா அங்கிள்?"

"போயிருச்சு" என்றேன்.