யானை முறித்த தடி

பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்கே வகுப்பெடுக்க வந்துவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டுதான் அன்றைக்குப் பாடசாலையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். பெற்றோர் கூட்டமாம். வயல் வேலை தலைக்கு மேல் கிடக்கிற நாளில் ஒன்றரை மணித்தியாலம். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையள் தாங்கள் செய்யிறதுக்கு என்ன விளைவு வருமெண்டு தாங்களே விளங்கிக்கொள்ள வேணும்" என்றார். இதைச் சொல்லவா கூப்பிட்டார்கள்? என் மகளுக்கு நடை பழகிய நாளிலிருந்து நான் சொல்வது இதைத்தானே! சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாயா, பசியோடு இரு. குடையைத் தொலைத்தாயா, நனைந்து போ. பின்னால் கொண்டோடிப் போய்க் கொடுக்கிற தாய் நான் இல்லை. ஊரில் என்னைப் பொல்லாத மனுசி என்பார்கள். சொல்லட்டுமே என்று இருந்தேன்.

எங்கள் வயல் புளியங்குளத்துக்குக் கிழக்கே, ஒரு குளத்தின் கீழ். அங்கே விதைக்கிற எல்லோரும் சேர்ந்துதான் வயல்வெளியைச் சுற்றி வேலி அடைப்போம். காணியின் அளவுக்கு ஏற்றபடி ஆளுக்கொரு பங்கு. உன் பங்கு வேலியால் மாடு நுழைந்து யாருடைய பயிரைத் தின்றாலும் நீதான் பொறுப்பு. உன் வயலில் நெருக்கமாக முளைத்த நெல்லைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர்களுடைய வயலில் வெறுமையான இடத்தை நட்டு நிரப்ப வேண்டும். யானை உடைத்தால் மட்டும் யாரும் பொறுப்பில்லை. யானையை யார் என்ன கேட்பது? போன வருடம் வயதான ஒருவர் தன் பங்கை ஏனோதானோவென்று அடைத்து ஆறு மாடுகள் உள்ளே வந்தபோது, எல்லோருக்கும் முன்னால் வைத்து அவரைக் கிழிகிழியென்று கிழித்தவள் நான்.

என் பங்கில் ஒரு கடப்பு இருந்தது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே குறுக்காக மூன்று தடிகள். தடிகளை இழுத்துவிட்டு நுழையலாம். நுழைந்ததும் திரும்பச் செருகிவிட வேண்டும். இது எங்கள் வீட்டில் கதைக்கத் தொடங்குகிற பிள்ளைக்கும் தெரியும்.

கார்த்திகை மாதம். பயிருக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. விடிந்து வயலுக்குப் போனால் மூன்று தடிகளும் கழற்றப்பட்டு வேலியோரம் அழகாகச் சாத்தியிருக்கின்றன. சேற்றில் சைக்கிள் தடம். ரியூசன் வகுப்புக்கு அந்த வழியால் போனால் ஒரு மைல் மிச்சம் என்று என் மகள் அடிக்கடி சொல்லுவாள்.

மாடுகள் என் வயலைத் தொடவில்லை. நேரே பக்கத்து ஏக்கருக்குள் இறங்கியிருந்தன. அது ஒரு பெண்ணுடையது. அவளுடைய தாய் தகப்பன் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். இருபது வருடம் மற்றவர்களின் வயலில் கூலிக்குக் களை பிடுங்கியவள், இந்த முறைதான் தனக்கென்று ஒரு ஏக்கர் விதைத்திருந்தாள். அதில் பாதி வெறும் சேறாகக் கிடந்தது. ஒரு கிழமைக்குள் நட்டு நிரப்பாவிட்டால் அவளுக்கு இந்தப் போகம் அவ்வளவுதான்.

தூரத்தில் வட்டவிதானையாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வயல் காரியங்களை விசாரித்துத் தீர்ப்பவர் அவர்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு தடியை எடுத்து வரம்பில் சாத்தி, காலால் ஓங்கி மிதித்து முறித்தேன். சைக்கிள் தடத்தையும் செருப்பால் தேய்த்துவிட்டேன்.

"என்ன பிள்ளை, மாடு பூந்திட்டுதாம்?" என்று கேட்டுக்கொண்டு அவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"யானை தட்டியிருக்கு அண்ணை. பாருங்கோ, தடி முறிஞ்சு கிடக்கு."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த அந்தப் பெண் தன் வயலுக்குள் நின்றபடியே கேட்டாள்: "யானை வந்துச்சின்னா கால் தடம் இருக்கணுமேங்க? லத்தி ஒன்னையும் காணோமே?"

"கொழுந்து பறிச்ச ஆக்களுக்கு யானையைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் வட்டவிதானையார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

என்ன கதை இது! அவள் பிறந்ததே இந்த மண்ணில். தேயிலைக் கொழுந்தைத் தொட்டிருப்பாளோ தெரியாது. யானை துரத்தி ஓடியவள், யானைக்குக் காவல் இருந்தவள். இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு நானும் சிரித்தேன். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தேன். "கழற்றின கைக்குத் திருப்பிப் போடத் தெரியாதோ?"

"வகுப்புக்குப் பிந்திப்போச்சுதம்மா. திரும்பி வரேக்க போடுவம் எண்டு நினைச்சன். பிறகு மழை வந்திட்டுது, பெரிய ரோட்டால வந்திட்டன்."

அரை மணித்தியாலம் கத்தினேன். ஒலிவாங்கிக்காரர் சொன்னதையெல்லாம் அவரைவிட உறைப்பாகச் சொன்னேன். அழுது முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்ப நான் போய் அந்த அன்ரியிட்டச் சொல்லட்டோ?"

"மூச்சு விடக்கூடாது! யானை எண்டு சொல்லி முடிச்சாச்சு."

"யானையோ?" என்றாள். என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை. எழும்பிப் பார்த்தால் மகளும் இல்லை, சைக்கிளும் இல்லை. வகுப்புக்குத்தான் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பக்கத்து ஏக்கரில், முழங்கால் சேற்றில், என் மகள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். வரிசை பாம்பு போல வளைந்து வளைந்து போயிருந்தது. வரம்பில் கட்டுக் கட்டாக என் வயல் நெல். யாரைக் கேட்டுப் பிடுங்கினாய் என்று வாய்வரை வந்துவிட்டது.

அந்தப் பெண் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. பிள்ள எல்லாத்தயும் சொல்லிடுச்சி. அதுதான் தடிய எடுத்துச்சாம். நீங்கதான் 'போய் நட்டுக் குடு'ன்னு அனுப்புனீங்களாமே. நேத்து ஆம்பளைங்க முன்னுக்குப் பிள்ளயக் காட்டிக் குடுக்க மனசு வரல போல. நானும் தாய்தானே, வெளங்குது."

மகளைப் பார்த்தேன். அவள் நிமிரவே இல்லை. நடுகிற வேகம் மட்டும் கூடியது. அவளுக்காக நான் பொய் சொன்னேன். எனக்காக அவள் பொய் சொல்லியிருக்கிறாள். பதின்மூன்று வயது. நான் படிப்பித்ததில் எதைப் பிடித்துக்கொண்டாள் பார்த்தீர்களா! பேசாமல் தலையாட்டினால் போதும், நான் நல்ல தாய். தலையாட்டத்தான் மனம் வந்தது. அதுதான் எனக்கு என்மேல் அடங்காத ஆத்திரம்.

"நான் அனுப்பேல்லை தங்கச்சி. வாயைத் திறக்கக் கூடாதெண்டுதான் சொன்னனான். அந்தத் தடியையும் நான்தான் மிதிச்சு முறிச்சனான்."

அவள் கையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து எறிந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தடி கெடக்கட்டும். நேத்து நீங்களும் சிரிச்சீங்களே அக்கா."

"வட்டவிதானையாரிட்டையும் போய்ச் சொல்லுறன்" என்றேன்.

"சொல்லுங்க" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நானும் சேற்றில் இறங்கினேன். மகளின் வளைந்த வரிசைக்குப் பக்கத்தில் என் வரிசையைத் தொடங்கினேன். பத்து மணி போல அந்தப் பெண் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு கோப்பை. ஒன்று அவளுக்கு, மற்றது என் மகளுக்கு.