சுன்தொக்கின் பாறையும் பொறியாளரின் கடிகாரமும்

ஜிந்தோ தீவில் குவாக் சுன்தொக்கிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் குறைவு. புருஷன் செத்த மறுமாதமே, "பொம்பளைக்கு எதுக்குப் பாறை?" என்று வந்த கொழுந்தனை வலைக்காம்பாலேயே விரட்டியவள் அவள். உல்தொல்மொக் நீரிணையின் கரையில் இருக்கும் அந்தப் பாறையில் இருபத்திரண்டு வசந்தங்களாக அவள்தான் நிற்கிறாள். வாற்கோதுமை முற்றும் நாட்களில், நடுநீரிணையில் நீரோட்டம் வெறி பிடித்து ஓடும்போது, எதிர்நீச்சல் போட முடியாத மடவை மீன்கள் கரையை ஒட்டி ஏறும். காம்பு நீண்ட வலையால் அள்ள வேண்டியதுதான்.

அந்த ஓட்டத்தில் மின்சாரம் எடுக்கலாமா என்று அளக்க வந்தவர் பொறியாளர் பியோ. முழு வேகம் இரண்டு மணி நேரம் நீடித்தால் போதும், மின்சுழலியைத் தாங்கும் இரும்புத் தூண் அவள் பாறையில் இறங்கிவிடும். அவர் இறக்கிய இரண்டு கருவிகளையும் கடல் அறுத்துக்கொண்டு போய்விட்டது. தூணை நடுவதா, இடத்தையே கைவிடுவதா என்று இன்று சொல்லியாக வேண்டும்.

"அம்மா, பத்தேகாலுக்கு முதல் மீன் அள்ளுனீங்க," என்று மேலே சாலையிலிருந்து கத்தினார். "கடைசி மீன் எப்போன்னு தெரிஞ்சா, முழு வேகம் ரெண்டு மணி நேரம் நிக்குதான்னு தெரிஞ்சிடும். இங்கேருந்து மீன் தெரியல, உங்க வலைதான் தெரியுது!"

சுன்தொக்குக்குச் சுருக்கென்றது. அள்ளாவிட்டால் ஓட்டம் அடங்கியதாகத்தானே எழுதுவார்! வலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போது மணி பதினொன்று. இறங்கிப் போகவும் வழியில்லை. சாலைக்குத் தெரியாத பக்கத்துப் பாறையில் வலையோடு நிற்கும் ஒக்பூன் இதில் ஏறிக்கொள்வாள்.

காலடியில் மடவை வரிசையாகப் போனது.

"ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? அத்தனையும் போகுது பாரு!" என்று கத்தினாள் ஒக்பூன்.

"உன் வலையைப் பாருடி!"

"அள்ள மனசில்லேன்னா எறங்கு, நான் அள்றேன்!"

"பாறையில கால் வெச்சே, காலை ஒடிச்சுக் கடல்ல போட்ருவேன்!"

ஒரு மணி நேரத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மீன் நிற்கவில்லை. பிறகு, கை நீளத்துக்கு ஒன்று, அவள் ரப்பர் செருப்பை உரசுகிற மாதிரி வந்தது. கை அவளைக் கேட்கவில்லை. வலை இறங்கியது, துள்ளத் துள்ள ஏறியது.

மேலே பியோ கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு இருபது! ரெண்டு மணி நேரம் தாண்டியாச்சு, ரொம்ப நன்றிம்மா!"

"நாசமாப் போக!" என்று கத்தினாள் சுன்தொக். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆத்திரத்தோடு அள்ளினாள், ஓட்டம் அடங்கும்வரை.