மீசை வைத்த பெயர்

பெயிண்டுக் கடையில் கலர் கலக்குகிறவரை, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் யோசிக்கச் சொன்னால் பெயிண்டுப் பெயரைத் தவிர வேறென்ன வரும்? கலந்து முடித்ததும் கட்டைவிரலால் கலரைத் தொட்டு டப்பா மூடியில் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம். சாயங்காலம் வீடு திரும்பியதும், மாசமாயிருந்த மனைவி அந்த விரலைப் பிடித்துப் பார்த்து, "இன்னிக்கு என்ன பேருங்க?" என்பாள். அன்று விற்ற சரக்கில் ஒன்றை அவர் சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்வது அவள்.

"வார்னிஷ்."

"பொண்ணு. கண்ணாடியை விட்டு நகர மாட்டா."

"பிரைமர்."

"மூத்த பையன். பாவம், அடிப்பூச்சா மறைஞ்சு கிடந்து உழைக்கறது அவன், நல்ல பேரெல்லாம் தம்பிக்கு."

"டர்பன்டைன்."

"நெடி தாங்காது, பக்கத்துல போக முடியாது. உங்க அக்காதான்."

"டிஸ்டெம்பர்."

"ஐயையோ, பேரைக் கேட்டாலே மீசை வச்ச ஆம்பளைங்க! கதவைத் தட்டாம உள்ள வருவான், தட்டுல இருக்கறதையெல்லாம் காலி பண்ணுவான்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். உருப்படியாக ஒரு பெயரை அப்புறம் யோசிக்கலாம், நாள் கிடக்கிறது என்ற தைரியம். எங்கே கிடந்தது நாள்? ஏழாம் மாசமே வலி எடுத்து, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள்.

பெண். கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு, உள்ளங்கை அகலத்துக்குக் கிடந்தாள். பிழைப்பாளா என்று கேட்டால், "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில்தான்.

நர்ஸ் அவரை முழங்கை வரை தேய்த்துக் கழுவ வைத்தாள். நகக்கண்ணில் இருந்த மஞ்சள் மட்டும் போவேனா என்றது. அந்த விரலோடு தொடப் பயந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார் மனுஷன். எத்தனையோ ஷேடு கலக்கத் தெரியும். பெற்ற மகளின் கன்னத்தில் துளி சிவப்பேற்றத் தெரியவில்லை. என்னதான் செய்வார், சொல்லுங்கள்!

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார், அப்பா குரல் பழகட்டும். என்ன பேரு?" என்றாள் நர்ஸ்.

நல்ல பெயர் ஒன்றுகூட வரமாட்டேன் என்றது.

"டிஸ்டெம்பர்" என்று சொல்லித் தொலைத்தார்.

நர்ஸ் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, "டிஸ்டெம்பரு... அப்பா வந்திருக்கேன்டி" என்றார். குழந்தை கண் திறக்கவில்லை.

எழுந்து நடக்க முடியாமல் கீழ்த்தளத்து வார்டில் படுத்திருந்த மனைவி, அவரைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்.

"கூப்பிட்டீங்களா? என்னன்னு கூப்பிட்டீங்க?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அது மீசை வச்ச ஆம்பளப் பேராச்சேங்க."

"வேற எதுவும் வாயில வரல. மாத்திடலாம்."

"வேண்டாம்" என்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே கூப்பிடுங்க. கதவைத் தட்டாம வீட்டுக்குள்ள வரட்டும். தட்டுல இருக்கறதையெல்லாம் தின்னட்டும். எதுக்கு எனக்கு இந்தப் பேரை வச்சீங்கன்னு நம்மகிட்ட சண்டை போடட்டும்."